வேதப் புத்தகம் இல்லாத வேதக்காரர்

மட்டக்களப்பில் கிறிஸ்தவர்களுக்கு ஊர்ச்சனம் வைத்த பெயர் வேதக்காரர். 'அவங்க வேதக்காரக் குடும்பம்' என்றால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. ஆனால் இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்திய கத்தோலிக்க வீடொன்றில் வேதப் புத்தகத்தைத் தேடியிருந்தால் அநேகமாகக் கிடைத்திருக்காது. சுவரில் திருஇருதயப் படம், அதன் கீழே ஒரு சின்ன விளக்கு, ஆணியில் தொங்கும் செபமாலை, ஓரம் பழுப்பேறிய ஒரு செபப் புத்தகம். இவ்வளவுதான் இருந்திருக்கும். பழைய பாதிரிமாரின் தமிழில் வேதம் என்ற சொல்லுக்கு மதம் என்றே பொருள். வேதத்தில் சேர்ந்தவர் வேதக்காரர். புத்தகம் கையில் இருக்கவேண்டும் என்று அந்தப் பெயர் கேட்கவில்லை.

இருந்தும் அந்த வீட்டு அம்மம்மாவிடம் கபிரியேல் தூதர் வந்து சொன்ன செய்தியையோ, பன்னிரண்டு வயதில் பிள்ளை கோவிலில் காணாமற்போன கதையையோ கேட்டால் ஒரு வரி பிசகாமல் சொல்லியிருப்பார். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவருக்கு இது எப்படி வந்தது? கத்தோலிக்கரின் பக்தி எப்படி நடக்கிறது என்று கேட்கும் அயலவர்களுக்கு இந்தக் கேள்வியிலிருந்துதான் விளக்கத் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை, பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தரிடம் விழுந்தது. 1658க்குள் இலங்கையின் கரையோரத்திலிருந்து போர்த்துக்கேயர் முற்றாக வெளியேற்றப்பட்டார்கள். ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபைக்காரர். கத்தோலிக்கக் குருமாருக்கு அவர்களுடைய ஆட்சியில் இடமில்லை. பூசை வைக்க ஆளில்லாமல் ஒரு தலைமுறை போனது. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, யார் கத்தோலிக்கர் என்று கேட்டுத் திரிய அவரால் முடியாது. கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனாராம். எந்த வீட்டாரின் கண் அந்த மாலையில் தங்கி நிற்கிறதோ, அது நம் வீடு. ஆளை அடையாளம் காட்டியது செபமாலை. கண்டியைத் தளமாக வைத்துத் தீவெங்கும் நடந்த அந்த மனிதர் 1711இல் இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆங்கிலேயர் 1806இல் தடைகளை நீக்கும்வரை இந்தச் சனங்களின் விசுவாசம், கைக்குள் பொத்தி மறைக்கக்கூடிய பொருட்களில்தான் பிழைத்தது.

அந்த மாலையைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். 53 மணிச் செபம் என்று ஊரில் சொல்வார்கள். தொடக்கத்தில் மூன்று, பிறகு பத்துப் பத்தாக ஐந்து கட்டு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு மரியன்னை மன்றாட்டு. வெளியிலிருந்து கேட்பவருக்கு ஒரே மன்றாட்டைத் திரும்பத் திரும்ப ஒப்புவிப்பதுபோல இருக்கும். உண்மையில் வாய் ஒரு வேலையும் மனம் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் 'தேவ இரகசியம்' என்று ஒரு காட்சியைச் சொல்வார்கள்: தூதர் வந்தது, மரியாள் எலிசபெத்தைப் பார்க்கப் போனது, மாட்டுத்தொழுவத்தில் பிறப்பு, பாலனைக் கோவிலில் ஒப்புக்கொடுத்தது, காணாமற்போன பிள்ளையைக் கண்டது. திங்களும் சனியும் சொல்லும் இந்த ஐந்தும் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்கள். செவ்வாயும் வெள்ளியும் பாடுகள், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழனுக்குரிய ஒளியின் இரகசியங்களைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல்தான் சேர்த்தார். எங்கள் அம்மம்மாமாருக்கு அது தெரியாது.

பழைய மூன்று வகையையும் சேர்த்தால் 150 மன்றாட்டு வரும். துறவு மடங்களில் படித்தவர்கள் 150 திருப்பாடல்களை ஓதியபோது, எழுத்தறியாதவர்கள் அதற்கீடாகச் சொன்னது அது. எழுத்து தெரியாதவன் கைக்கு வந்த வேதாகமம் என்று செபமாலையைச் சொன்னால் மிகையில்லை. பூசை இலத்தீனில் நடந்த காலத்தில், பீடத்தில் குருவானவர் ஒரு மொழியில் செபிக்க, கீழே பாயில் இருந்த சனம் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைய வழிபாட்டு அறிஞர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். குறைதான். ஆனால் அந்தக் குறைக்குள்தான் வேதம் தமிழில் உயிரோடு இருந்தது.

தவக்காலத்தில் இன்னொன்று சேரும். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதியவர்; தமிழர் அவரைச் சாங்கோபாங்கர் என்றார்கள். 1742இல் இறந்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாகச் சொல்கிறது. ஒருவர் இராகத்தோடு வாசிக்க மற்றவர்கள் கேட்டு அழுவார்கள். செத்த வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்குப் பொருந்தி எழுதப்பட்ட வேதம் அது.

இனிப் புனிதர்கள். அயலவர்களுக்கு அதிகம் குழப்பம் தருவது இதுதான்: ஒரே கடவுள் என்கிறீர்கள், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறீர்களே? திருச்சபை இரண்டு சொல்லைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதருக்கு வணக்கம், மரியாளுக்கு அதில் ஒரு படி மேல். புனிதரிடம் கேட்பது, 'எனக்காக ஆண்டவரிடம் சொல்லுங்கள்' என்று. கச்சேரியில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் அங்கே தெரிந்தவரைப் பிடிப்பதுபோல என்று சிலர் விளக்குவார்கள். அந்த உவமை எனக்குப் பிடிப்பதில்லை. கடவுளைக் கந்தோர் ஆக்கிவிடுகிறது. நோயில் கிடக்கும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் 'எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்க' என்று சொல்கிறோமே, அதுதான் நெருங்கிய உவமை. அந்த அக்கா இறந்த பிறகும் வேண்டுவார் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை.

தமிழர் புனிதர்களுக்கு வைத்த பெயர்களே ஒரு வகை வேதவிளக்கம். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் 'சின்னவர்' என்று பொருள். ஆகவே அவர் சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் கடவுள் அருள்கூர்ந்தார், ஆகவே அருளப்பர். தன்னாமுனைக் கோவிலின் பாதுகாவலர் யோசேப்பு. கிழவர்கள் வாயில் அவர் சூசையப்பர், அறிவித்தலில் வளனார். அந்த 'வளன்', வீரமாமுனிவர் தேம்பாவணியின் நாயகனுக்கு வைத்த பெயர். இருதயபுரம் என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் இருதயம், யோவான் நற்செய்தியில் ஈட்டி குத்திய விலாவுக்குள் இருந்த இருதயம்.

எல்லாரையும் விட வீட்டுக்குள் அதிகம் புழங்குபவர் அந்தோனியார். லிஸ்பனில் பிறந்து, பதுவை நகருக்கருகே 1231 யூன் 13 இல் இறந்தவர். அடக்கம் செய்தது செவ்வாய்க்கிழமை, அதனால்தான் அவருக்குரிய நவநாள் வழிபாடு செவ்வாயில். அவருடைய சுரூபத்தில் ஒரு புத்தகமும் அதன்மேல் குழந்தை இயேசுவும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் புத்தகம் வேதாகமம். அவர் முதலில் ஒரு வேத அறிஞர். திருச்சபை 1946இல் அவருக்கு மறைவல்லுநர் பட்டமே கொடுத்தது. தொலைந்த பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் என்ற பெயர் வந்த கதையும் புத்தகக் கதைதான்: தன் கையால் குறிப்பெழுதி வைத்திருந்த திருப்பாடல் நூலை இளம் துறவி ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடிவிட, அவர் செபித்தபின் அது திரும்பி வந்ததாம். திறப்புக்கோர்வை தொலைந்தால் அந்தோனியாரைக் கூப்பிடுகிறோம். அவர் முதலில் தேடியது வேதத்தை.

இன்னொரு கதையும் உண்டு. ரிமினி நகரில் யாரும் அவர் பிரசங்கத்தைக் கேட்காதபோது ஆற்றுமுகத்துக்குப் போய் மீன்களுக்குப் பிரசங்கித்தார், மீன்கள் தலைதூக்கிக் கேட்டன. 'மீன்பாடும் தேனாடு' என்று பெயர்பெற்ற மட்டக்களப்பாருக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கவேண்டும். கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் அந்த மீன்பாட்டு ஒலியை, 1960களில் பதிவுசெய்தவரும் ஓர் அமெரிக்க இயேசுசபைக் குரு, லாங் அடிகளார். அங்கே மீன்கள் கேட்டன, இங்கே குருவானவர் கேட்டார்.

மட்டக்களப்பில் காணாமற்போனவை திறப்புக்கோர்வைகள் மட்டுமல்ல. போர்க்காலத்தில், 1990 ஓகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு நாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய இயேசுசபைக் குரு யூஜின் ஹெபர்ட், கூடவந்த ஒரு தமிழ்ப் பையனோடு காணாமற்போனார். இருவரும் திரும்பவேயில்லை. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுகளும் இந்தக் கரைகளில் எத்தனையோ வீடுகளில் அதுதான் நடந்தது. 'நீங்கள் கேட்டுத் தாருங்கள்' என்று ஒரு தாய் சுரூபத்தின் காலைப் பிடிப்பதை மூடபக்தி என்று எழுத எனக்குக் கை வராது. நேர்த்தி வைப்பது வியாபாரமாகிவிடும் ஆபத்து இருக்கிறது, உண்மை. பரீட்சையில் பாஸானால் இத்தனை திரி, விசா வந்தால் தங்கச்சங்கிலி என்று பேரம் பேசுபவர்களும் உண்டு. குருமார் அதைக் கண்டித்துப் பேசுவதும் சரிதான்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்கு எழுவான்கரை, மேற்கு படுவான்கரை. படுவான்கரையில், வயல்களும் காடும் கலக்கும் இடத்தில், ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலம் இருக்கிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் திருவிழா. உலகத் திருச்சபையில் இந்த மாதாவின் நாள் யூன் 27, இங்கே செப்டெம்பர். வடகீழ்ப் பருவமழை இறங்குமுன், பெரும்போக விதைப்புக்கு முன், வெளிகள் காய்ந்து கிடக்கும் காலம் நடப்பவனுக்கு வசதி என்று நான் எண்ணிக்கொள்வேன். வாவியைக் கடந்து பாதயாத்திரையாகப் போவார்கள். வெயிலேற முன் பாதித்தூரம் தாண்டிவிடவேண்டும் என்று இருட்டோடு புறப்பட்டு, செபமாலை சொல்லிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, காலில் செருப்பில்லாமலும் சிலர்.

நடந்து போய்ப் பார்க்கும் அந்தப் படத்தை வாசிக்கத் தெரிந்திருந்தால் நடைக்கு வேறு அர்த்தம் வரும். மூலப்படம் உரோமையில் இருக்கிறது. 1866இல் ஒன்பதாம் பத்திநாதர் அதை உலக மீட்பர் சபையாரிடம் ஒப்படைத்தார். பொன்னிறப் பின்னணியில் தாய், கையில் பிள்ளை. மேலே இரண்டு பக்கமும் தூதர்கள், மிக்கேலும் கபிரியேலும். அவர்கள் ஏந்தியிருப்பது சிலுவை, ஈட்டி, கடற்பஞ்சு, ஆணிகள். வரப்போகும் பாடுகளைக் கண்டு பயந்த பிள்ளை, ஓடிவந்து தாயின் கையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறது. ஓடிய வேகத்தில் ஒரு கால் செருப்பு வார் அறுந்து தொங்குகிறது. தாய் பிள்ளையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள். எழுத்தறியாதவருக்கு நற்செய்தியின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே பலகையில். ஆயித்தியமலை மணலில் செருப்பில்லாமல் நிற்பவருக்கு அந்தப் பிள்ளையின் அறுந்த செருப்பைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

புத்தகம் பிறகு வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைத் தாய்மொழிக்குத் திறந்தது. 1965இல் வேதாகமம் விசுவாசிகள் எல்லாருக்கும் எட்டவேண்டும் என்றது. இப்போது ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன: ஓர் ஆண்டு மத்தேயு, ஓர் ஆண்டு மாற்கு, ஓர் ஆண்டு லூக்கா; யோவான் இடையிடையே. தவறாமல் பூசைக்குப் போகிறவர் மூன்றாண்டில் நற்செய்திகளின் பெரும்பகுதியைக் காதால் கேட்டுவிடுவார். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இன்று பல வீடுகளில் இருக்கிறது. பல வீடுகளில் அது திருஇருதயப் படத்துக்குக் கீழே பட்டுத்துணி போர்த்தி வைக்கப்பட்டு, திறக்கப்படாமலும் இருக்கிறது. மூத்தவர்கள் புத்தகமில்லாமல் வேதத்தோடு இருந்தார்கள், நாங்கள் நேர்மாறு என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது முழு உண்மையும் இல்லை. சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்ததும் மறுநாள் நற்செய்தியைப் பிள்ளையைக் கொண்டு வாசிக்க வைக்கும் வீடுகளும் உண்டு. பத்து நிமிடம் போதும். பிள்ளை தடக்கி வாசிக்க, அடுத்த வரியைக் கிழவி முந்திச் சொல்லிவிடுவார்.

அந்தோனியாரின் செவ்வாய் நவநாளுக்கு அயலவர் யாராவது முதல்முறை வர நினைத்தால் ஒரு சிறு விளக்கம். நற்கருணை வாங்க வரிசை நிற்கும்போது நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அதைத் திருமுழுக்குப் பெற்று ஆயத்தம் செய்த கத்தோலிக்கர்தான் வாங்குவார்கள். பூசை முடிந்தபின் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிடும் வரிசையில் யாரும் நிற்கலாம். பொட்டு வைத்தவர்களும் அதில் நிற்பார்கள். வாசலில் அந்தோனியார் பெயரில் பாண் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது எல்லாருக்கும்.