30 நாள் நோட்டீஸ் யாருக்காக?

பதிவுத் திருமணத்துக்குக் கெடு 30 நாளா, 90 நாளா? வாசகர் கடிதங்களில் இந்தக் குழப்பம் ஓயவில்லை. நடந்து முடிந்த திருமணத்தைப் பதிவு செய்ய 2009 தமிழ்நாடு சட்டம் தரும் கெடு 90 நாள்; தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள். சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன்படி மணம் முடிக்க விரும்புவோர் முன்கூட்டியே திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டியது 30 நாள். சிக்கல் இந்த இரண்டாவதில்தான்.

அந்த 30 நாளில் என்ன நடக்கிறது?

நீங்கள் கொடுத்த நோட்டீஸின் நகலை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கேயும் ஒரு நகல் போய் ஒட்டப்படும். அதாவது, ஊருக்குத் தெரியாமல் சென்னைக்கு வந்த பெண்ணின் பெயரும் விலாசமும் அவள் ஊர்ப்பக்கத்து அலுவலகச் சுவரில் தொங்கும்.

ஏற்கெனவே மணமானவர் ஏமாற்றாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பது அரசுத் தரப்பு. அப்படியானால் இந்து திருமணச் சட்டத்தில் ஏன் நோட்டீஸ் இல்லை? அங்கே ஏமாற்றுக்காரர்களே கிடையாதா? சாதியையோ மதத்தையோ காட்டி யாரும் ஆட்சேபிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஆட்சேபம் எழுதத் தேவையே இல்லை. வீட்டுக்குச் சேதி போனால் போதும்.

எப்படி வந்தது இது?

இதன் முன்னோடி, சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தார் கேட்டு வந்த 1872 திருமணச் சட்டம். அது 'நான் இந்து அல்ல, முஸ்லிம் அல்ல' என்ற ரீதியில் மணமக்களை எழுதித் தரச் சொன்னது. நோட்டீஸ் 14 நாள். 1923 திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமணருக்கு அந்த மத நிபந்தனையைத் தளர்த்தியது. 1954-இல் மத நிபந்தனை அடியோடு போனது; நோட்டீஸோ 30 நாளாக நீண்டது. 'மணமக்கள் விரும்பினால் மட்டும் வெளியிட்டால் போதும்' என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் வாசகம் அப்படியே இருக்கிறது.

பெற்றோர் சம்மதம்? தேவையில்லை.

வயது? பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21.

சாட்சிகள்? மூவர்.

நோட்டீஸ் எவ்வளவு காலம் செல்லும்? மூன்று மாதம்; பிறகு புதிதாகக் கொடுக்க வேண்டும்.

சுயமரியாதைத் திருமணத்துக்கும் நோட்டீஸ் உண்டா? இல்லை, ஆனால் இருவரும் இந்து திருமணச் சட்டத்துக்குள் வருபவர்களாக இருக்க வேண்டும்.

மிரட்டல் இருந்தால்? ஆணவக் கொலைகளைத் தடுக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைக் காட்டிக் காவல்துறையிடம் பாதுகாப்புக் கேளுங்கள். அதை நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே செய்யுங்கள்.