அமெரிக்கக் கறுப்பினப் பெண்களும் மார்பகப் புற்றுநோய்ச் சோதனையும்

ஐக்கிய அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனை எல்லா இனப் பெண்களுக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆயினும் இந்நோயால் அவர்கள் இறக்கும் வீதம் ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். 1980களின் தொடக்கம் வரை இரு பிரிவினரின் இறப்பு வீதமும் ஏறக்குறையச் சமமாக இருந்தது. மேமோகிராம் எனப்படும் மார்பக எக்சு-கதிர்ப் படமும் புதிய மருந்துகளும் பரவிய பின்னரே இந்த இடைவெளி விரிந்தது.

கறுப்பினப் பெண்கள் சோதனைக்கு வருவதில்லை என்பது பரவலான, ஆனால் பழைய விளக்கம். ஏழைப் பெண்களுக்கு இலவசச் சோதனை அளிக்க 1990இல் சட்டம் இயற்றப்பட்டது. இன்றைய கணக்கெடுப்புகளில் அவர்களின் பங்கேற்பு வெள்ளையினப் பெண்களுக்கு இணையாக, சில ஆண்டுகளில் சற்றுக் கூடுதலாகவே உள்ளது. இவை பெண்கள் தாமே கூறும் விடைகள் என்பதால் மருத்துவப் பதிவுகளில் காணும் அளவைவிட மிகையாக இருக்கக்கூடும். அப்படியிருந்தும், இவ்வளவு பெரிய இறப்பு வேறுபாட்டைப் பங்கேற்பை மட்டும் கொண்டு விளக்க இயலாது.

சோதனைக்குப் பின்

படத்தில் ஐயம் எழுந்தால் மறுபடம், மீயொலிச் சோதனை, திசுச் சோதனை ஆகியவை தேவைப்படும். கறுப்பினப் பெண்களுக்கு இந்தக் கட்டத்தில் தாமதம் அதிகம். 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் முதற்கட்ட மேமோகிராமுக்கான கட்டணத்தை நீக்கியது. ஆனால் ஐயத்தை உறுதிசெய்யும் அடுத்த சோதனைகளுக்குப் பல ஆண்டுகள் பலர் தம் கையிலிருந்தே பணம் கட்ட வேண்டியிருந்தது. பாதி வழியில் நின்றுபோகும் சோதனை உயிரைக் காப்பதில்லை.

சிக்காகோ நகரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கு 2003இல் கறுப்பினப் பெண்களின் இறப்பு வீதம் வெள்ளையினப் பெண்களைவிட 68 விழுக்காடு அதிகமாக இருந்ததென 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே நகரில் வாழ்ந்த இரு பிரிவினருக்குள் இத்தகைய வேறுபாடு மரபணுவால் மட்டும் வந்திருக்க முடியாது. இதையடுத்து அமைக்கப்பட்ட பணிக்குழு, சோதனை கிடைக்கும் வாய்ப்பு, படம் எடுத்து வாசிக்கும் தரம், சிகிச்சையின் தரம் ஆகிய மூன்றையும் காரணங்களாக ஆராய்ந்தது. மார்பகப் படங்களில் தனித்தேர்ச்சி பெற்ற கதிரியல் மருத்துவர் வாசிக்கும்போது சிறு கட்டிகள் தப்புவது குறையும். ஏழைகள் செல்லும் மருத்துவமனைகளில் அத்தகையோர் குறைவு.

தொடங்கும் வயது

கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் இளவயதில் வருவது கூடுதல். ஈத்திரோசன், புரோகெசுத்திரோன், எர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத 'மும்மை எதிர்மறை' வகை அவர்களிடம் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. வேகமாக வளரும் இவ்வகை, இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்திலேயே தோன்றிவிடலாம்.

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2009இல் 50 வயது முதல் ஈராண்டுக்கு ஒருமுறை சோதனை போதும் என்றது. 2023இல் வெளியான ஆய்வொன்று, பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதில் உள்ள இறப்பு இடர் கறுப்பினப் பெண்களுக்கு 42 வயதிலேயே வந்துவிடுவதாகவும், வெள்ளையினத்தவருக்கு 51இல் வருவதாகவும் கணித்தது. 2024இல் பணிக்குழு தொடங்கும் வயதை 40ஆகக் குறைத்தது. ஈராண்டு இடைவெளியை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியோ ஆண்டுதோறும் சோதனையையும், 25 வயதுக்குள் இடர் மதிப்பீட்டையும் பரிந்துரைக்கிறது.

இடர் மதிப்பீட்டிலும் சிக்கல் இருந்தது. நெடுநாள் பயன்பட்ட கெயில் கணிப்பு முறை வெள்ளையினப் பெண்களின் தரவிலிருந்து உருவானது; கறுப்பினப் பெண்களின் இடரை அது குறைத்துக் காட்டியது. 1995 முதல் ஏறத்தாழ 59,000 பேரைப் பின்தொடர்ந்துவரும் கறுப்பினப் பெண்கள் நல ஆய்வின் தரவைக் கொண்டு, அவர்களுக்கெனத் தனிக் கணிப்பு முறை 2021இல் வெளியிடப்பட்டது.