கவுண்டரின் இருபுறமும் காப்போம்

2020 மார்ச் இறுதியில், நமது மைசூரு மாவட்டம் நஞ்சன்கூட்டில் மருந்து ஆலை ஊழியர் ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. தொடர்ந்து சக ஊழியர்களும் அவர்தம் தொடர்பினருமாக எழுபதுக்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாயினர். பணியிடத்தில் நுழையும் நோய் இல்லம் வரை செல்லும் என்பதை அன்று உணர்ந்தோம்.

அச்சம் நிலவிய அந்த ஏப்ரலில், பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மத்திய அரசு 500 ரூபாய் வரவு வைத்தது. நெரிசலைத் தவிர்க்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாட்கள் ஒதுக்கப்பட்டன: 3ஆம் தேதி 0, 1, 4ஆம் தேதி 2, 3. வரிசை குறுகியது, கவுண்டரின் இருபுறமும் இருந்தோர்க்கு அது காப்பாயிற்று.

முகக்கவசமும் திறந்த சன்னலும் தேவையே. ஆயினும், காய்ச்சலுற்ற ஊழியர் ஊதிய இழப்பை அஞ்சாமல் வீட்டில் ஓய்வெடுக்க இயலுவதே முதல் அரண். தொழில் நடத்தும் வாடிக்கையாளர்களும் இதனை மனங்கொள்ள வேண்டுகிறோம்.