குளியலறை ஷவரைச் சுற்றி நீர்க்கசிவு: நோயாளி உள்ள வீட்டினர் அறிய வேண்டியவை

குளிக்கும்போது விழும் நீர் முழுவதும் வடிகால் வழியாக வெளியேற வேண்டும். சுவரும் தளமும் சேரும் மூலை, டைல்ஸ் இடைவெளி, ஷவர் குழாய் சுவரிலிருந்து வெளிவரும் துளை ஆகியவற்றில் வெடிப்பு இருந்தால், ஒவ்வொரு குளியலின்போதும் சிறிதளவு நீர் டைல்ஸுக்குப் பின்னால் சென்று தங்குகிறது. மேலே காய்ந்துவிட்ட தளம் போலத் தோன்றினாலும் உள்ளே சாந்தும் செங்கல்லும் ஈரமாகவே இருக்கும். நாளடைவில் அடுத்த அறையின் சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை படர்கிறது.

உடல்நலம் உள்ளவர்களுக்கு இது வீட்டைப் பழுதுபார்க்கும் வேலை மட்டுமே. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், புற்றுநோய் சிகிச்சை, பக்கவாதம், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றுடன் வாழ்பவர்களின் வீட்டில் இதுவும் பராமரிப்பின் ஒரு பகுதியாகும். எங்கே அடைக்க வேண்டும், எப்படி அடைக்க வேண்டும், எதை ஒருபோதும் அடைக்கக் கூடாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

ஓதம் உடலை எவ்வாறு பாதிக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டு உட்புறக் காற்று குறித்த வழிகாட்டுதலில், ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா தீவிரமடைதல் ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதைச் சுட்டிக்காட்டியுள்ளது. பூஞ்சையைத் துடைப்பதோடு நில்லாமல், ஈரம் வரும் வழியைத் தடுப்பதே அடிப்படைத் தீர்வு என்பதும் அதன் கருத்தாகும்.

கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்குக் காற்றில் பரவும் பூஞ்சை வித்துகளால் நுரையீரல் தொற்று ஏற்படும் வாய்ப்பு உண்டு. இவர்கள் பூஞ்சை படர்ந்த சுவரைச் சுத்தம் செய்யும் வேலையில் ஈடுபடக் கூடாது.

சுவரில் கருமையாகப் படர்வதைக் கண்டு, 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை நோய் இதுதானோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த நோய் மண்ணிலும் மக்கும் பொருள்களிலும் காணப்படும் வேறு வகைப் பூஞ்சைகளால் வருவது. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் உள்ளவர்களையும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களையும் அது பெரிதும் தாக்கியது. சுவரின் கருமை நிறத்தைக் கொண்டு எந்த நோயையும் முடிவு செய்ய இயலாது. பூஞ்சை எந்த நிறத்தில் இருந்தாலும் அதை அகற்றி, ஈரத்தை நிறுத்துவதே செய்ய வேண்டியது.

கசிவினால் வேறு இரண்டு ஆபத்துகளும் உண்டு. குளியலறைக்கு வெளியே பரவும் நீரில் வழுக்கி விழுந்தால், முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவு ஏற்படலாம். ஷவர் சுவரின் மறுபக்கத்தில் சுவிட்ச் பெட்டி இருந்தால் ஈரத்தின் வழியே மின்கசிவு நேரலாம். ஓதமான சுவரைத் தொடும்போது சிறிது ‘சுருக்’ என்று உணர்ந்தாலும் உடனே மெயின் சுவிட்சை அணைத்து, மின்பணியாளரை அழையுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிதல்

அடைப்பதற்கு முன் காரணத்தை அறிய வேண்டும். தவறான இடத்தை அடைத்தால் செலவு மட்டுமே மிஞ்சும்.

• குளித்த சில மணி நேரத்தில் ஈரம் கூடி, வீட்டினர் வெளியூர் சென்ற நாள்களில் குறைந்தால், டைல்ஸ் இணைப்புகளிலோ தள மூலையிலோ வெடிப்பு உள்ளது.
• யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் குறையாவிட்டால், சுவருக்குள் செல்லும் குழாயில் கசிவு இருக்கலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் பிளம்பரின் உதவி தேவை. மேற்பூச்சால் இதைச் சரிசெய்ய முடியாது.
• மழைக்குப் பின் மட்டும் ஈரம் தெரிந்தால் வெளிச்சுவரையோ மேல்தளத்தையோ கவனிக்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஆத்தூர் வட்டத்து ஊர்களிலும், பழைய வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பின்னாளில் கட்டப்பட்ட குளியலறை உங்கள் வீட்டில் இருக்கலாம். அவ்வாறாயின் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தை முதலில் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு அடித்தளத்தின் மேல் நிற்பதால் அவற்றிடையே வெடிப்பு விழுவது இயல்பு.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் சுவரில் வெண்மையாக உப்புப் பூப்பதும் உண்டு. சிறிது நீர் தெளித்தால் உப்பு கரையும், பூஞ்சை கரையாது. உப்புப் பூத்திருப்பதும் சுவருக்குள் நீர் நடமாடுவதன் அடையாளமே.

வேலை தொடங்கும் முன் நோயாளிக்கான ஏற்பாடு

அடைக்கும் வேலைக்கும் அது உலர்வதற்கும் மூன்று முதல் நான்கு நாள்கள் ஒதுக்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவர் உலர அதிக நாள்கள் ஆகும். ஜனவரிக்குப் பிந்தைய வறண்ட மாதங்கள் ஏற்றவை. இந்நாள்களில் நோயாளி வேறு குளியலறையைப் பயன்படுத்தலாம். இல்லையெனில் படுக்கையிலோ நாற்காலியிலோ ஈரத்துணியால் உடல் துடைத்துவிடலாம்.

பழைய சாந்தைச் சுரண்டும்போது தூசியும் பூஞ்சை வித்துகளும் பறக்கும். அந்நேரத்தில் நோயாளியை வீட்டின் மறுகோடியில் உள்ள அறையிலோ அண்டை வீட்டிலோ இருக்கச் செய்யுங்கள். நெபுலைசர், ஆக்சிஜன் செறிவூட்டி, மருந்துகள், காயம் கட்டும் பொருள்கள் ஆகியவற்றை முன்கூட்டியே வேறு அறைக்கு மாற்றுங்கள்.

பூஞ்சையைச் சுத்தம் செய்தல்

சோப்புத்தூள் கரைத்த நீரில் தேய்த்துக் கழுவி, நன்கு துடைத்து உலர்த்துவதே முதல் வழி. செய்பவர் கையுறையும், மூக்கையும் வாயையும் நெருக்கமாக மூடும் என்-95 முகக்கவசமும் அணிய வேண்டும். பூஞ்சை ஏறத்தாழ 10 சதுர அடிக்கு மேல் படர்ந்திருந்தால் வீட்டினரே செய்யாமல் பணியாளரை வைத்துச் செய்வது நல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவுறுத்துகிறது.

எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடர் கரைசலையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், ஒன்றை ஊற்றிய இடத்தில் உடனே மற்றொன்றை ஊற்றவும் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு வெளிப்படும். சிறிய மூடிய அறையில் அது நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு உயிராபத்தாகவும் முடியலாம். கலந்துவிட்டால் உடனே வெளியேறி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, மூச்சுத்திணறல் இருப்பின் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எதை எதனால் அடைப்பது?

இரண்டு டைல்ஸ்களுக்கு இடையே உள்ள நேர்கோட்டு இடைவெளிக்கு ‘கிரவுட்’ எனப்படும் இணைப்புச் சாந்து போதும். சுவரும் சுவரும் சேரும் மூலை, சுவரும் தளமும் சேரும் மூலை, குழாயைச் சுற்றிய துளை ஆகியவற்றுக்கு அது போதாது. வெப்பத்தாலும் எடையாலும் இவ்விடங்கள் மிக நுண்ணிய அளவில் அசைவதால் கெட்டியான சாந்து மீண்டும் வெடிக்கும். இங்கே ரப்பர் போல் நெகிழும் சிலிக்கான் சீலன்ட் தேவை. ஹார்டுவேர் கடையில் குளியலறைக்கு உரிய, பூஞ்சைத் தடுப்பு உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். சில சிலிக்கான் வகைகள் உலரும்போது வினிகர் போன்ற காரமான வாடையை வெளிவிடும். அவை சிமென்ட் பரப்பில் சரியாக ஒட்டுவதில்லை. ‘நியூட்ரல்’ என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எவ்வகையானாலும் முழுவதும் உலரும்வரை மூச்சுநோய் உள்ளவர் அந்த அறைக்குள் செல்ல வேண்டாம்.

அடைக்கும் முறை

1. பழைய சிலிக்கானையும் உதிரும் சாந்தையும் முழுவதும் சுரண்டி எடுங்கள். பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது.
2. மேலே கூறியபடி பூஞ்சையைக் கழுவி நீக்குங்கள்.
3. மின்விசிறி வைத்துக் குறைந்தது ஒரு நாள், இயன்றால் இரண்டு நாள் உலர விடுங்கள். ஈரச் சுவரை அடைத்தால் நீர் உள்ளேயே சிறைப்படும். பூஞ்சை மறைவில் வளரும். இப்பணியில் அதிகம் அவசரப்படுவது இந்தப் படியில்தான்.
4. இடைவெளியின் இருபுறமும் ஒட்டும் காகித நாடா ஒட்டி, சிலிக்கானை இடைவிடாத ஒரே கோடாக இடுங்கள். சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒருமுறை வழித்து, மேற்பரப்பு உலரும் முன்பே நாடாவை உரித்துவிடுங்கள்.
5. ஷவர் குழாயையும் திருகுகளையும் சுற்றியுள்ள வட்டத் தகட்டைத் தள்ளி, அதன் பின்னுள்ள துளையை அடைத்த பின் தகட்டை மீண்டும் பொருத்துங்கள்.
6. டியூபில் குறிப்பிட்டுள்ள நேரம்வரை, குறைந்தது 24 மணி நேரம், நீர் படாமல் பாதுகாக்கவும்.

தளத்தின் வாட்டமும் முக்கியம். வடிகாலை நோக்கி ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் நீர் தேங்காது. வாட்டம் எதிர்ப்புறமாக அமைந்துவிட்டால் எத்தனை முறை அடைத்தாலும் பயனில்லை. கொத்தனாரைக் கொண்டு தளத்தையே திருத்த வேண்டும்.

கைப்பிடிக் கம்பி பொருத்தும்போது

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஷவர் அருகில் கைப்பிடிக் கம்பி அவசியம். அதற்காக டைல்ஸில் இடும் ஒவ்வொரு துளையும் நீர் நுழையும் வழியாகும். திருகை இறுக்கும் முன் துளைக்குள்ளும் கம்பியின் தகட்டைச் சுற்றியும் சிலிக்கான் இடச் சொல்லுங்கள். ஓதத்தால் இளகிய சுவரில் பொருத்திய கம்பி, நோயாளி எடையைச் சாய்க்கும் நேரத்தில் பெயர்ந்து வரும். சுவரைச் சரிசெய்த பின்னரே கம்பியைப் பொருத்த வேண்டும்.

கம்பி எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நோயாளியின் உடல்நிலையைப் பொறுத்தது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் குளியலறையைக் காட்டி ஆலோசனை கேளுங்கள்.

எவற்றை அடைக்கக் கூடாது?

• காற்றுவழிச் சாளரத்தையும் வெளியேற்றும் விசிறியின் துளையையும் அடைக்காதீர்கள். குளித்த பின் ஈரம் வெளியேற இவை திறந்திருக்க வேண்டும்.
• குளியலறைக்குள் சமையல் எரிவாயுவில் இயங்கும் கேஸ் கீசர் இருந்தால் அபாயம் மிக அதிகம். காற்றோட்டமில்லாத அறையில் அது கார்பன் மோனாக்சைடு வாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமோ வாடையோ இல்லை. குளிப்பவர் தம்மை அறியாமலே மயங்கி உயிரிழக்கக்கூடும். கேஸ் கீசரை அறைக்கு வெளியே மாற்றி அமைப்பதே பாதுகாப்பு.
• கண்ணாடித் தடுப்பின் அடிச்சட்டத்தில் நீர் வடியும் சிறு துளைகளை மூடாதீர்கள்.
• நீர் வெளியே வராதிருக்க வாசலில் உயரமான திட்டு கட்டாதீர்கள். கால் தூக்கி வைக்க இயலாதவர் அதில் இடறி விழுவார். தாழ்வான சாய்வுத் திட்டும் ஷவர் திரையும் போதுமானவை.

உடனே பழுதுபார்க்க இயலாவிட்டால்

வாடகை வீட்டில் இருப்பவர்களும் உடனடியாகச் செலவு செய்ய இயலாதவர்களும், ஷவரை நிறுத்திவிட்டு வாளியும் மக்கும் கொண்டு குளிக்கலாம். நோயாளியை உறுதியான பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்திக் குளிப்பாட்டினால் சுவரில் படும் நீர் வெகுவாகக் குறையும். குளித்தபின் சுவரையும் தளத்தையும் துடைத்து, கதவைத் திறந்துவையுங்கள். நோயாளியின் கட்டிலை ஓதச் சுவரிலிருந்து விலக்கி, இயன்றால் வேறு அறைக்கு மாற்றுங்கள். அலமாரியை அச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• வீட்டில் இருக்கும்போது இருமலும் இரைப்பும் கூடி, வெளியூரில் குறைகின்றன எனில், சுவரின் நிலையையும் சேர்த்து மருத்துவரிடம் கூறுங்கள்.
• ஆஸ்துமா உள்ளவருக்குப் பழுப்பு நிறக் கட்டிச் சளி வெளிவந்தாலோ, இன்ஹேலரின் தேவை கூடினாலோ காலம் தாழ்த்தாதீர்கள்.
• கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல் வந்தால், எந்தக் காரணமாக இருப்பினும், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலை ஓதத்தின் விளைவு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. சளியில் இரத்தம் தென்பட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை முதலில் அணுகலாம். மேல்சிகிச்சை தேவைப்படுவோர் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர நிலையில் 108 என்ற எண்ணையும் தொடர்பு கொள்ளுங்கள்.

அடைத்த இணைப்புகள் என்றும் நிலைப்பவை அல்ல. ஆறு மாதத்திற்கு ஒருமுறை மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு பெயர்ந்தோ கருத்தோ இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக இடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பர் மாதத்திலேயே, இந்தச் சோதனையைச் செய்து முடிப்பது நன்று.