மூன்று வேலை நாள்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குப் போய் ஒரு கைத்துப்பாக்கியைக் கேட்டால், கடைக்காரர் முதலில் ஒரு படிவத்தைத்தான் எடுத்து நீட்டுவார். அதன் எண் 4473. பெயர், முகவரி, பிறந்த தேதிக்குப் பிறகு ஆமாம், இல்லை என்று பதில் எழுத வேண்டிய கேள்விகள் வரும். பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவரா? போதைப்பொருள் பழக்கம் உண்டா? குடும்பத்தாரை அடித்ததற்காகத் தண்டனை பெற்றவரா? எழுதி முடித்ததும், பல மாநிலங்களில் கடைக்காரர் நேரே எஃப்.பி.ஐ.யின் சோதனை மையத்தைக் கேட்பார். அது மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் 'விற்கலாம்' அல்லது 'கூடாது' என்று பதில் வந்துவிடும். சிலருக்கு மட்டும், 'பொறுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.'

அப்படிப் பொறுக்கச் சொன்ன பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் இந்த வாரக் கதை இருக்கிறது.

1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அதிபர் ரீகன் சுடப்பட்டார். அவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடிக்குத் தலையில் குண்டு பாய்ந்தது. மிச்ச வாழ்நாளெல்லாம் சக்கர நாற்காலிதான். சுட்டவன் அந்த ரிவால்வரை வாங்கியது டல்லாஸில் ஓர் அடகுக் கடையில். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்று பிராடியும் மனைவி சாராவும் வருஷக்கணக்கில் போராடினார்கள். துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.வில் உறுப்பினரான ரீகனே 1991இல் அதை ஆதரித்து எழுதினார். 1993 நவம்பர் 30 அன்று அதற்கான சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார்.

சட்டம் வந்தது, பேரத்தோடுதான் வந்தது. கைத்துப்பாக்கிக்கு ஐந்து நாள் காத்திருப்பு, அதுவும் ஐந்து வருஷத்துக்கு மட்டும். பிறகு கணினிச் சோதனை. மூன்று வேலை நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். லைசென்ஸ் இல்லாத தனியார், தங்கள் துப்பாக்கியை விற்றால் சோதனையே கிடையாது.

இந்த மூன்று நாள் விதியைக் கேட்டு வாங்கியவர்களின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பது அங்கே அரசு போடும் பிச்சை இல்லை, அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமை. மறுக்கக் காரணம் காட்ட முடியாத அதிகாரி, பதிலே சொல்லாமல் கோப்பை இழுத்தடித்தால் அந்த உரிமை என்னாவது? அரசு அலுவலகப் படியேறிய யாருக்கும் இந்தப் பயம் புரியும். அவர்களுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு: தனியார் விற்பனைக்கு அன்று பேசி ஒப்புக்கொண்ட விலக்கையே இன்று 'ஓட்டை' என்கிறார்கள், இனி எந்தப் பேச்சை நம்பி உட்காருவது? இது வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை.

2013இல் அந்த அவநம்பிக்கைதான் வென்றது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு நான்கே மாதம். என்.ஆர்.ஏ.விடம் நற்பெயர் வாங்கிய மான்ச்சின், டூமி என்ற இரு செனட்டர்கள், கட்சிக்கு ஒருவராகச் சேர்ந்து, அந்த விலக்கைச் சுருக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். துப்பாக்கி உரிமையாளர்களின் பதிவேட்டை அரசு தயாரித்தால் 15 வருஷம் சிறை என்றுகூட அதில் எழுதினார்கள். 54 பேர் ஆதரித்தார்கள், 46 பேர் எதிர்த்தார்கள். 60 வேண்டும் என்பதால் தோற்றது.

2015 ஏப்ரல் 11, சனிக்கிழமை. தென் கரோலினாவில் ஓர் இளைஞன் 4473ஐ நிரப்பினான். போதைப்பொருள் வைத்திருந்ததாக அவனே போலீஸில் ஒப்புக்கொண்டிருந்தான். அந்த ஒப்புதல் கண்ணில் பட்டிருந்தால் விற்பனை நின்றிருக்கும். ஆனால் கைது செய்தது எந்த ஊர்க் காவல்துறை என்பது பதிவில் தவறாக இருந்தது. சோதனை அதிகாரி சில அலுவலகங்களில் கேட்டார். எங்களிடம் இல்லை என்றார்கள். திங்கள், செவ்வாய், புதன் போயின. வியாழக்கிழமை துப்பாக்கி அவன் கைக்கு வந்தது. ஜூன் 17 மாலை சார்ல்ஸ்டனின் இமானுவேல் தேவாலயத்தில், பைபிள் வகுப்புக்கு வந்திருந்த கறுப்பின மக்களோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு சுட்டான். போதகர் பிங்க்னி உட்பட ஒன்பது பேர் செத்தார்கள். அவகாசத்தை நீட்டும் மசோதா 2019இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் அதை எடுக்கவே இல்லை.

2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 18 வயதுப் பையன் ஒருவன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்ற பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. ஜனநாயகக் கட்சியின் மர்ஃபியும் குடியரசுக் கட்சியின் கார்னினும் பேசி முடித்தார்கள். அதற்காகக் கார்னினைச் சொந்த மாநிலத்துக் கட்சி மாநாட்டிலேயே கூச்சலிட்டு விரட்டப் பார்த்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. 65க்கு 33 என்று செனட்டில் நிறைவேறியது. 21 வயதுக்குக் கீழானவரின் பதிவில் சந்தேகம் வந்தால் பத்து வேலை நாள் வரை விசாரிக்கலாம் என்றது புதிய சட்டம். கிடைத்ததை வாங்கிக்கொண்டார்கள், நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

ஆனால் சார்ல்ஸ்டனில் சுட்டவனுக்கு, படிவம் நிரப்பியதற்கு எட்டு நாள் முன்புதான் 21 வயது நிரம்பியிருந்தது. அந்த வயதுக்காரருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் அதே மூன்று வேலை நாள்தான்.