கனம் வேண்டும், தூசு வேண்டாம்

காற்றில் கதவு அறையாமல் இருக்கத் துணிப்பையில் மணலை நிரப்பிக் கதவோரம் வைக்கிறோம். பொம்மை சாயாமல் உட்கார வேண்டும் என்றாலும் அதே மணல்தான். மணலில் என்ன ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம்.

கடற்கரையில் காலில் ஒட்டும் பருமணலால் பயமில்லை; அது நுரையீரல்வரை போகாது. மாவு போன்ற பொடிமணல்தான் வில்லன். மணலில் பெரும்பாலும் இருப்பது குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 4 மைக்ரானுக்கும் சிறிய துகளோ மூக்கையும் தொண்டையையும் தாண்டி, நுரையீரலின் காற்றுப்பைவரை இறங்கிவிடும். அங்குள்ள காவல் அணுக்கள் அதை விழுங்கும்; ஆனால் செரிக்க முடியாமல் தாமே மடியும். அந்த இடம் தழும்பாகி இறுகும். இதுவே சிலிக்கோசிஸ். தழும்பை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. படிகச் சிலிக்காத் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் அறிவித்தது.

இது பெரும்பாலும் கல்லுடைப்போர், கட்டுமானத் தொழிலாளர் ஆகியோரின் நோய். என்றோ ஒருநாள் பை தைப்பவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் வாரந்தோறும் பொம்மை செய்து விற்கும் அம்மாவின் கதை வேறு. பொடியைக் கொட்டும்போது கண்ணுக்குத் தெரியும் புழுதி அடங்கிவிடும். தெரியாதது பல மணி நேரம் அறையிலேயே மிதக்கும்.

“விளையாட்டு மணல்” என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் போதுமா? 2025 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளுக்கான வண்ண மணலில் கல்நார் இழைகள் தென்பட்டதால் அவை கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டன. கேன்பராவில் பள்ளிகள் பலவற்றை மூடினார்கள்.

பிறகு எதைத்தான் நிரப்புவது? பிளாஸ்டிக் மணிகள் தூசு தராது, ஆனால் கனம் குறைவு. கனம் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகள் மிகப் பொருத்தம். நம் ஊர் ஈரக்காற்றில் சாதாரண இரும்பு துரு ஏறிவிடும். கதவோரப் பைக்குக் கழுவிக் காயவைத்த கூழாங்கல்லே போதும், காசும் மிச்சம். அரிசி, பச்சைப்பயறு வைத்தால் வண்டு வரும். தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டு மட்டும் வேண்டவே வேண்டாம், ஈயம் நஞ்சு. எதை நிரப்பினாலும் உள்பை ஒன்று தைத்து, அதன்மேல் வெளிப்பை போடுங்கள். பிரிந்தால் சிறுபிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும்.

வீட்டில் பழைய மணல்பை கிழிந்திருந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.