ஒருவன் குற்றமும் ஒரு கூட்டத்தின் பழியும்

வகுப்பில் ஒரு மாணவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டால், அவனுடன் அமர்ந்திருந்த அனைவரையும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவது ஆசிரியருக்கு எளிய வழி. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நானும் அதைக் கையாண்டவனே. குற்றமின்றி நின்ற பிள்ளைகளின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று அன்று நான் எண்ணவில்லை. ஜப்பானில் ஒரு பெருங்கூட்டத்தார் இவ்வாறு நிறுத்தப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதை இப்பொழுது எடுத்துரைக்கிறேன்.

அந்நாட்டின் அசையும் சித்திரப் படங்களை 'அனிமே' என்பர். 1963-ஆம் ஆண்டு ஜனவரியில் தெசுகா ஒசாமுவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சியில் தொடங்கிற்று. அத்தகைய படங்களைக் கண்டு வளர்ந்த சிறுவர் பலர், வாலிபரான பின்னும் அப்பற்றை விட்டார்களில்லை. சித்திரக் கதைப் பிரியர்கள் தாமே வரைந்த ஏடுகளை விற்கவும் வாங்கவும் 1975 டிசம்பரில் டோக்கியோவில் ஒரு சந்தை கூடிற்று. 'காமிக் மார்க்கெட்' என்பது அதன் பெயர். முதல் முறை வந்தவர் சுமார் 700 பேர்.

இவ்விளைஞர்கள் ஒருவரையொருவர் 'ஒட்டாக்கு' என்று அழைத்துக்கொண்டனர். 'தங்கள் இல்லம்' என்பது அதன் நேர்ப்பொருள்; 'தாங்கள்' என மரியாதையாக விளிப்பதற்கும் அது வழங்கும். இம்மரியாதைச் சொல் எவ்வாறு வசைச்சொல்லாயிற்று? 1983-இல் 'மங்கா புரிக்கோ' என்னும் சித்திரக் கதை இதழில் நகமோரி அகியோ என்பவர் இச்சொல்லையே தலைப்பாக்கி ஒரு தொடர் எழுதினார். சந்தைக்கு வருவோரின் தோற்றத்தையும் உடையையும் எள்ளி நகையாடினார். வகுப்பறை மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் பிள்ளைகள் இவர்களே என்றார். இதழாசிரியர் ஆட்சேபித்தமையால் தொடர் நெடுநாள் நீடிக்கவில்லை; ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. இவ்வேளனம் அயலாரிடமிருந்து வரவில்லை, ரசிகர்கள் படிக்கும் இதழிலேயே பிறந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஏளனம் அச்சமாக மாறியது 1989-இல். நான்கு சிறுமிகளைக் கொன்ற கொடியவன் ஒருவன் அவ்வாண்டு பிடிபட்டான். அவன் அறையில் 6,000-க்குச் சற்றுக் குறைவான ஒளிநாடாக்கள் இருந்தன. பத்திரிகைகள் அவனுக்கு 'ஒட்டாக்கு கொலைகாரன்' என்று பட்டம் சூட்டின. 2008-இல் அவன் தூக்கிலிடப்பட்டான். குற்றவாளி ஒருவன், ஆயின், சித்திரப் படம் பார்த்த குற்றத்திற்காக ஐயத்திற்கு ஆளானோர் எத்தனையோ ஆயிரவர்!

அத்தகைய ரசிகன் ஒருவனின் மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் அவன் தன் விருப்பத்தை மறைக்கிறான். சேர்த்து வைத்த நூல்களை விருந்தினர் கண்ணில் படாமல் ஒளிக்கிறான். பின்பு சினம் கொள்கிறான். மூன்றாவதாக, 'நான் அவர்களைப் போன்றவன் அல்லன்' என்று தன்னிலும் எளியவனைச் சுட்டிக்காட்டுகிறான். இம்மூன்றாவது நிலையே மிகவும் இரங்கத்தக்கது. தன் மீது எறியப்பட்ட கல்லை எடுத்து அவன் அடுத்தவன் மீது எறிகிறான். 1983-இல் தொடங்கிய பிழை அவன் கையாலேயே தொடர்கிறது.

காலப்போக்கில் கடுமை ஓரளவு தணிந்தது. மியசாகி ஹயாவோவின் 'ஸ்பிரிட்டட் அவே' 2003-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. 2019 ஜூலையில் கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்திற்கு ஒருவன் தீயிட்டதில் 36 பேர் மாண்டனர். அப்போது பல நாட்டு ரசிகர்களும் பிறரும் அளித்த நன்கொடை 300 கோடி யென்னைக் கடந்தது. இதைக் கொண்டு ரசிகர் அனைவரும் உத்தமர் என்று கூற வருகிறேனா? இல்லை. ஒருவனது கொடுமையால் எல்லோரையும் இகழ்வது எவ்வளவு தவறோ, சிலரது ஈகையால் எல்லோரையும் புகழ்வதும் அவ்வளவு தவறே. அக்கூட்டத்தில் முரடரும் உண்டு, சான்றோரும் உண்டு, எல்லாக் கூட்டங்களிலும் இருப்பதைப் போலவே.

கண்ணாடியை உடைத்தவன் யார் என்று விசாரிப்பதற்குச் சிறிது பொறுமை வேண்டும். எல்லோரையும் நிறுத்திவிடுவதற்கு அது வேண்டுவதில்லை. அப்பொறுமையைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் மாணவரினும் ஆசிரியரே என்பதை ஓய்வு பெற்ற பின்னரே நான் உணர்ந்தேன்.